மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் முகமூடிக்காரரும்

காமிக்ஸில் அரசியல் வேண்டாம் என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியவன் நான். அது வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு வரி விடாமல் அச்சில் வந்தது. "முகமூடிக்காரர் பறக்கட்டும், திருடனைப் பிடிக்கட்டும், ஊரைக் காப்பாற்றட்டும். தேர்தலும் போராட்டமும் தினமும் காலையில் பேப்பரில் வருகின்றன. காசு கொடுத்து அதையே கலர்ப் படத்தோடு வேறு படிக்க வேண்டுமா?" இதுதான் கடிதத்தின் சாரம். நாற்பத்தாறு வயதில் சொந்தப் பெயரை அச்சில் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பத்துப் பிரதி வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "பொண்ணு பத்தாவதுல பாஸ் பண்ணுனப்பக்கூட நீங்க இப்படி ஊடு ஊடாப் போகலீங்க" என்றாள் என் மனைவி.

அந்தக் கடிதத்தை இப்போது நான் யாருக்கும் காட்டுவதில்லை. அது தப்பு என்று என் மண்டையில் ஏறுவதற்குள் ஒரு மனிதரின் வலதுகை போகப் பார்த்தது. அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. பம்ப் மோட்டாருக்குள் அடுக்கடுக்காக வைக்கிற இரும்புத் தகடுகளை வெட்டிக் கொடுக்கிறோம். தொண்டாமுத்தூரில் இருந்த தென்னந்தோப்பில் பாதியை விற்று அப்பா ஆரம்பித்தது. யானை புகுந்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது, மெஷின் என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பார். அவர் போன பிறகு இருபது வருடமாக நான் நடத்துகிறேன். நன்றாகவே நடத்துகிறேன். ஒரு ஆர்டரைத் தேதி தவறிக் கொடுத்ததில்லை. ஒரு சனிக்கிழமைகூடச் சம்பளம் தள்ளிப்போனதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

காமிக்ஸுக்குத் திரும்பியது தற்செயலாக நடந்தது. மகளுக்கு நுழைவுத்தேர்வுப் புத்தகம் வாங்கப் புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். ஒரு கடையில் என் சின்ன வயது முகமூடிக்காரர் கெட்டி அட்டை போட்டு, வழவழத் தாளில், முழுக் கலரில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் படித்த காலத்தில் அவர் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையாகத்தான் வருவார். அவர் முதுகில் பறக்கிற துணி நீலம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து வருடமாக அது சிவப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். யாரோ ஏமாற்றியது போல ஒரு கோபமே வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, நீங்களுமா?"

திரும்பினால் எங்கள் பட்டறையில் மூன்றாம் நம்பர் பிரஸ், அதாவது தகடு வெட்டுகிற மெஷின், ஓட்டுகிறவர் நிற்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். கையில் அதே முகமூடிக்காரர், இரண்டு பாகம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாத் தியேட்டரில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட மாதிரி இருவரும் முழித்தோம். பிறகு சிரித்தோம்.

"பதினஞ்சு வருசமா எங்கிட்ட வேலை பாக்கறீங்க. ஒருநாளாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கேக்கலீங்களே."

அதுவும் சரிதான். அவர் எட்டுமணிக்கு வந்துவிடுவார், அதிகம் பேசமாட்டார், லீவு எடுக்கமாட்டார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய அப்பா அம்மா தோப்புகளில் கூலிவேலை பார்த்தவர்கள் என்பது மட்டும் தெரியும். எங்கள் பக்கத்துத் தோப்புகள்தாம். நான் பேருந்து நிலையக் கடையில் புதுசாக வாங்கிப் படித்த கதைகளை, அவர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டிலிருந்து இரவல் வாங்கிப் படித்திருக்கிறார். பாதிப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்காதாம். முடிவை அவரே யோசித்துப் போட்டுக்கொள்வாராம். அவர் சொன்ன இரண்டு மூன்று முடிவுகள் அச்சில் வந்ததைவிட நன்றாக இருந்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் உட்கார ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு டீ, நடுவில் ஒரு புத்தகம். வீடு நாலு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறது. "ஊட்டுக்கே கூட்டிட்டு வந்து பேசுனா என்னங்க?" என்று மனைவி ஒருதரம் கேட்டாள். பேக்கரி டீ மாதிரி வராது என்று சொல்லி வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. பேக்கரிக்கு மேல்மாடியில்தான் அவருடைய கிளினிக். எங்கள் மேசையில் முகமூடிக்காரரைப் பார்த்ததும், "அய்யோ, இவரு இன்னும் உசுரோடவா இருக்காரு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாய் பயங்கரமான வாய். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துச் சம்பாதிக்கிறவர், தன் வாயை மூடியதே இல்லை.

கூட்டம் என்றால் சட்டம் வேண்டும் அல்லவா? நான்தான் போட்டேன். ஒன்று, அரசியல் பேசக்கூடாது. இரண்டு, பட்டறைப் பேச்சு பேசக்கூடாது. மீறினால் எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் அவர் செலவு. டாக்டரம்மா வாராவாரம் சந்தோஷமாக மீறினார்.

"உங்க முகமூடிக்காரரு ஏன் எப்பப் பாத்தாலும் பிக்பாக்கெட்டையே புடிக்கறாருங்க? ஒருதரமாச்சும் ஏரிய வளைச்சுப் பிளாட் போட்டவனப் புடிச்சிருக்காரா?"

"டாக்டரம்மா, டீ சொல்லுங்க."

"சொல்றனுங்க. ஆனா பதிலச் சொல்லிப்போட்டு டீயக் குடிங்க."

புதிதாக வருகிற பாகங்களில் அரசாங்கம் முகமூடிக்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பறக்கவேண்டும் என்கிறது. ஜனங்கள் அவருக்கு ஆதரவாகவும் எதிராகவும் தட்டி பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள். நகராட்சித் தலைவர் தேர்தலுக்கு முன்னால் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். இதையெல்லாம் புதுசாகத் திணிக்கிறார்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அந்தக் கடிதம். பழைய கதைகளைத் திரும்பப் படித்தபோது என் வாதம் ஆட்டம் கண்டது. பத்து வயதில் யார் ஜெயிக்கிறார் என்று மட்டும் பார்த்தோம். இப்போது கண் தானாகப் பின்னணிக்குப் போகிறது. யார் வீட்டுக் கதவை அவர் தட்டிவிட்டு உள்ளே போகிறார், யார் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போகிறார் என்பதெல்லாம் தெரிகிறது. அந்தப் பழைய சாணித்தாளிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுக்கிக்கையன் கதைக்கு வந்தோம். சின்ன வயதில் எனக்கு உயிரான கதை அது. இடுக்கிக்கையன் என்பவன் பெரிய வில்லன். வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இருக்காது. பாத்திரம் இறக்குகிற இடுக்கி மாதிரி ஒரு இரும்புச் சாமான் இருக்கும். அதை வைத்து ரயில் தண்டவாளத்தையே நெரித்துவிடுவான். முகமூடிக்காரர் அறுபது பக்கம் துரத்திக் கடைசியில் அவனை அணையில் தள்ளிவிடுவார். நான் புத்தகத்தைத் திறக்காமலே வசனத்தோடு சொல்லிக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.

பிரஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, கீழ்வரிசையில் ஓரமாக இருந்த ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கட்டத்தக் கொஞ்சம் பாருங்க."

தீப்பெட்டி அளவுக் கட்டம். ஒரு பேக்டரி கேட். கையில் கட்டுப் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போகிறான். மேலே ஒரு வரி: விபத்தில் கையை இழந்தவன் பழிவாங்கும் வெறியோடு திரும்பினான்.

"கேட்டு மேல போர்டு இருக்குது பாருங்க. ஆரு பேக்டரிங்க அது?"

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட! இது முகமூடிக்காரரோட அப்பா பேக்டரி. அவங்க குடும்பப் பேருதான் போட்டிருக்குது."

முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கதையை நான் ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். அந்தப் போர்டை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? "சரிங்க, விபத்து நடந்துபோச்சு. அதுக்கு முகமூடிக்காரரு என்ன பண்ணுவாரு?" என்றேன்.

"அறுவது பக்கம் அவனத் தொரத்தறாருங்க. ஒரு பக்கத்துலயாச்சும் அந்த மெஷினப் போயிப் பாத்தாராங்க?" என்றார் பிரஸ்காரர். பிறகு குரலை இறக்கினார். "நம்ம மூணாம் நம்பருலயும் அதேதானுங்க. பட்டன் கட்டித்தான் கெடக்குது. போன வாரம் ரெண்டு தடவ தானா எறங்குச்சு. கிளட்ச் தானாப் புடிச்சுக்குதுங்க. அப்ப என்ற கை உள்ள இல்ல. அடுத்த தடவ இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் சொன்னதை விளக்கிவிடுகிறேன். பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், ஒன்று இடதுபக்கம், ஒன்று வலதுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அச்சை இறக்கிவிடுவதும் நிறுத்துவதும் கிளட்ச்சின் வேலை, அது கெட்டுப்போனால் பட்டனைத் தொடாமலே அச்சு இறங்கிவிடும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் நேரம் பிடிக்கும். பீஸ் கணக்கில் கூலி. அதனால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வலதுபக்கப் பட்டனைச் சைக்கிள் டியூப் துண்டால் அமுக்கிக் கட்டிவிடுவார்கள். இடதுகை பட்டனை அமுக்கும், வலதுகை பாட்டுக்குத் தகட்டை வைத்து எடுத்துக்கொண்டிருக்கும். வேலை ஓடும் பாருங்கள், பறக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் டியூபைக் கழற்றிவிடுவோம். எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். அவர்களாகக் கட்டிக்கொள்கிறார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். 'பாதுகாப்பே முதன்மை' என்று நுழைவாயிலில் போர்டு வேறு வைத்திருந்தேன்.

அந்த மனிதர் தன் கை போய்விடும் என்று என்னிடம் சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பட்டறைப் பேச்சு பேசிப்போட்டீங்க. டீ சொல்லுங்க. ரூல்னா ரூல்தான்."

அவர் என்னையே பார்த்தார். எழுந்துபோய் மூன்று டீயும் மூன்று பன்னும் சொல்லிக் காசு கொடுத்தார். தன் டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டரம்மா பன்னைத் தொடவே இல்லை. "ஏனுங்க மொதலாளி, அவரு சொன்னது உங்க காதுல உழுந்துச்சா இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவரும் மாடிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமித் தள்ளினேன். ஒரு பொம்மைப் புத்தகத்தை வைத்து என்னையே வில்லன் ஆக்கப் பார்க்கிறார் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "உங்க ஊட்டு கேட்டுக்கு முன்னால ஒருத்தரு வந்து கத்துவாருன்னு அத்தை சொல்லுவாங்களே, அவரு கையி எப்படிப் போச்சுங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அவர் ஞாபகமே இல்லாமல் இருந்தது. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. அவர் என்னென்ன கத்தினார் என்பதுகூட ஞாபகம் இருந்தது, அவர் யார் என்பதுதான் இல்லை. எனக்குப் பத்து வயதிருக்கும். வலதுகையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நல்ல போதையில், எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டுவார். அம்மா ஜன்னலைச் சாத்துவாள். நானும் பெரியப்பா பிள்ளைகளும் அவருக்கு இடுக்கிக்கையன் என்று பேர் வைத்து, மாடியில் ஒளிந்துகொண்டு சிரிப்போம். "குடிச்சுப்போட்டு மெஷினுக்குள்ள கைய உட்டான்" என்று அப்பா சொல்வார். நானும் அதையே நம்பி வளர்ந்தேன். அவர் குடித்தது கை போவதற்கு முன்பா, போன பிறகா என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல்தடவையாக யோசித்தேன். யோசித்தேனே தவிர எதுவும் செய்யவில்லை. சீசன் நேரம், வியாழக்கிழமை லாரி வருகிறது, கிளட்ச்சைப் பிரித்தால் இரண்டு நாள் போய்விடும்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். பட்டறையை நான் காதால் நடத்துகிறவன். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு தாளம் உண்டு. மூன்றாம் நம்பரின் தாளம் பாதியாகக் குறைந்திருந்தது. போய்ப் பார்த்தேன். பிரஸ்காரர் டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அமுக்கி, நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, டியூப் எங்க?"

"கழட்டிப்போட்டனுங்க."

"வியாழக்கெழம லாரி வருது. தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க. கிளட்ச்ச சரி பண்ணிக் குடுங்க. அதுவரைக்கும் ரெண்டு கையிலதான் ஓட்டுவனுங்க."

மற்ற மூன்று பிரஸ்ஸும் நின்றுவிட்டன. எல்லோரும் எங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என் கோபத்தைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "உங்களால முடியலீன்னா எந்திரிங்க, நான் ஓட்டிக் காட்டறேன்" என்றேன். அவர் எழுந்து தள்ளி நின்றார். நான் கீழே கிடந்த டியூபை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, உட்கார்ந்துவிட்டேன். காலேஜ் படித்த காலத்தில் நானே பிரஸ் ஓட்டியிருக்கிறேன், கை மறக்கவில்லை. பத்துத் தகடு, இருபது தகடு, நாற்பது தகடு. தாளம் சரியாக வந்துவிட்டது. பார்த்தீர்களா என்று சொல்வதற்காக அவர் பக்கம் திரும்பினேன். அடுத்த தகட்டை எடுக்க வலதுகை அப்போது வெளியே வந்திருந்தது. இடதுகை பட்டன் மேலேயே இல்லை.

அச்சு தானாக இறங்கியது.

கை இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண்தான் தூரம். சத்தம் எப்போதும் வருகிற சத்தம்தான். வலதுகையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. வாய்விட்டுச் சொல்கிறேன், அப்படி நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. அதற்குள் பிரஸ்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். "நான் சொன்னேனில்லீங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து, "எந்திரிங்க, தண்ணி குடிங்க" என்றார்.

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டால் இழுத்தடிக்கிற ஆள் இல்லை. பத்து நிமிடத்தில் நாலு பிரஸ்ஸிலும் டியூபை நானே அறுத்துப் போட்டேன். கிளட்ச் மெக்கானிக்கை வரச்சொன்னேன். வாங்குகிறவருக்குப் போன் போட்டு வியாழக்கிழமை சரக்கு வராது, அடுத்த வாரம்தான் என்றேன். பட்டறை வரலாற்றில் முதல்தடவை. "ரெண்டு கையில ஓட்டுனா எங்க கூலி பாதியாப் போயிருமேங்க" என்று மற்றவர்கள் முகம் சுருங்கினார்கள். அதுவும் நியாயம்தான். பீஸ் கணக்கை எடுத்துவிட்டு நாள் சம்பளம் என்று ஆக்கினேன். சாயங்காலம் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகும்போது எனக்கே முதுகில் ஒரு நீலத் துணி பறக்கிற மாதிரிதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரஸ்காரரையும் டாக்டரம்மாவையும் பேக்கரிக்குப் போகவிடாமல் வீட்டுக்கே கூட்டி வந்தேன். மனைவி பணியாரம் சுட்டாள். இரண்டு சட்டமும் இன்றோடு ரத்து என்று அறிவித்தேன். "அடேங்கப்பா, ஆட்சியே கவுந்துபோச்சுங்களா!" என்றார் டாக்டரம்மா. பிறகு, சின்ன வயதில் எங்கள் வீட்டு கேட்டில் வந்து கத்தியவரைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் அவருக்கு வைத்த பேரையும் மறைக்காமல் சொன்னேன்.

பிரஸ்காரர் கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தார்.

"அவரு என்ற மாமனுங்க. எங்கம்மாளோட தம்பி."

"அவரு கைய எடுத்த அதே மெஷினுங்களா அந்த மூணாம் நம்பரு?" என்று மனைவிதான் கேட்டாள்.

"அதேதானுங்க அம்மணி."

"தெரிஞ்சேவா வந்து சேந்தீங்க?" என்றேன் நான்.

"வேலை இருந்துச்சுங்க. வந்தனுங்க."

மாமன் இப்போது சென்னிமலையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றும், குடியை விட்டு முப்பது வருடம் ஆகிறது என்றும் சொன்னார். நாளைக்கே போகலாம், நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன். எனக்கு எல்லாவற்றையும் உடனே சரிசெய்துவிட வேண்டும்.

பிரஸ்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன், இரண்டு மணிநேரப் பயணம். கார் ஓட்டிக்கொண்டே மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கினேன். ஆட்கள் டியூப் கட்டுவதை அப்பா கண்டும் காணாமல் விட்டுவிட்டார், அது பெரிய தப்பு, குடித்துவிட்டுக் கையை விட்டான் என்று வெளியே சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, மகன் என்கிற முறையில் நான் கேட்டுக்கொள்கிறேன். நல்ல வார்த்தைகள்தான். வாசகர் கடிதமாக எழுதியிருந்தால் அச்சில் வந்திருக்கும்.

மகள் வீட்டில் தறி இருந்தது. முன்னறை முழுக்கப் பெட்ஷீட் அடுக்கு. அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வலதுகையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்தார். நான் கற்பனை பண்ணிக்கொண்டு போன ஆள் மாதிரி அவர் இல்லை. சுருக்கம் விழுந்த, சிரித்த முகம். நான் யார் என்று பிரஸ்காரர் சொன்னதும், "அட, சின்ன மொதலாளியா! உக்காருங்க கண்ணு" என்றார். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

நான் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கண்டும் காணாமல் என்கிற இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கண்டுங்காணாம இல்லீங்க கண்ணு. மொத மொதல்ல அதக் கட்டுனதே உங்கப்பாதானுங்க. எனக்குக் கட்டத் தெரியாது. ரெண்டு கையில ஓட்டறது நெம்ப மெதுவா இருக்குதுன்னு, ஒரு நா சைக்கிள் டியூப அறுத்து எடுத்துட்டு வந்தாரு. இப்படி மூணு சுத்து, நுனிய உள்ள சொருகி." மடித்த பெட்ஷீட் ஒன்றின் மேல் துணிக் கிழிசலை அந்த இரண்டு விரலால் சுற்றிக் காட்டினார். நான் பிரஸ்ஸில் கட்டியதும் அதே மாதிரிதான். யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷம் இருந்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு நெனப்பு இருக்காதுங்க. பள்ளிக்கூடம் லீவு அன்னைக்கு. நீங்களும் கூட வந்திருந்தீங்க, கக்கத்துல கதைப் பொஸ்தகத்த வெச்சுக்கிட்டு. டியூபு நழுவிட்டே இருந்துச்சு. இழுத்துக் கட்டறதுக்கு இன்னொரு கை வேணுமில்லீங்க? அப்ப அந்த நுனிய நீங்கதான் புடிச்சுக்கிட்டீங்க."

பிரஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இது முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்தது. பதினைந்து வருடமாகத் தெரிந்திருக்கிறது.

அப்பாவின் தப்புக்குத்தான் நான் வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். எனக்கென்று ஒன்றும் கொண்டுபோகவில்லை. அவருடைய வலதுகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் புடிச்சுப்போட்டனுங்க" என்றேன்.